நாள்பட்ட களைப்பு நோய்: சர்ச்சைக்குரிய சிகிச்சைகளைப் பற்றித் துண்டறிக்கையில் எவ்வளவு உறுதியாக எழுதலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். தங்கைக்கு நாள்பட்ட களைப்பு நோய் என்று உறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு மருத்துவர் "தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கச் சொல்லுங்கள்" என்றார். இன்னொருவர் "அதை மட்டும் செய்யாதீர்கள்" என்றார். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக நீங்கள் சிலர் சேர்ந்து ஒரு துண்டறிக்கை அச்சிடப் போகிறீர்கள். அதில் சர்ச்சையில் இருக்கும் சிகிச்சைகளைப் பற்றி எவ்வளவு உறுதியாக எழுதலாம் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த இரண்டு மருத்துவர்களில் யார் சொன்னது சரி? அதைத் தீர்க்காமல் துண்டறிக்கையைப் பற்றிப் பேச முடியாது. எனவே இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. மருந்து எழுதிக் கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. அதனால் மருந்துகளைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் ஆய்வுகளைப் படித்து அறிந்தது. உடற்பயிற்சி விஷயம் அப்படியில்லை. அதை என் கையால் கொடுத்திருக்கிறேன், தப்பாகவும் கொடுத்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், இந்த நோயோடு வந்த ஒரு பெண்மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். முதல் வாரம் தினம் 5 நிமிட நடை, அடுத்த வாரம் 6, அதற்கடுத்த வாரம் 7. நடந்த நேரத்தை அன்றன்றைக்கு எழுதிவர வேண்டும். மூன்றாவது வாரம் நோட்டோடு வந்தார். திங்கள், செவ்வாய் இரண்டிலும் அழகான கையெழுத்தில் நிமிடக் கணக்கு. புதன்கிழமை கோணல்மாணலாக ஒரே ஒரு எண். வியாழன், வெள்ளி, சனி மூன்றும் வெற்றுப் பக்கம். நான் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டு, "இப்படி விட்டுவிட்டுச் செய்தால் பலன் இருக்காதும்மா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த கணவர்தான், அந்த மூன்று நாளும் அவர் கழிப்பறைக்குப் போக மட்டும் எழுந்தார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, நான்காவது வாரத்துக்கு 8 நிமிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த நோட்டில் படிக்க வேண்டியிருந்ததே அந்த மூன்று வெற்றுப் பக்கங்களைத்தான் என்று எனக்கு விளங்கியது பல வருடம் கழித்து.

முதல் தொல்லை பெயரிலேயே இருக்கிறது. களைப்பு என்றதும் கேட்கிறவர் "எனக்கும்தான் சாயங்காலமானால் களைப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். இந்த நோயை மற்றக் களைப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது வேறொன்று: உழைப்புக்குப் பின் வரும் சரிவு. முன்பு தாராளமாகச் செய்த ஒரு வேலையை இப்போது செய்தால், பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ உடம்பு மொத்தமாக விழுந்துவிடும். வலி, தலை மந்தம், தூங்கி எழுந்தும் தெளியாத அசதி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை எல்லாம் ஒன்றாகக் கூடும். நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ நீடிக்கும். நடப்பதும் குளிப்பதும் மட்டும்தான் உழைப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு நீண்ட தொலைபேசிப் பேச்சு, ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது, மனம் கலங்கி அழுவது, இவையும் உழைப்புக் கணக்கில்தான் சேரும். சரிவு தாமதமாக வருவதால், எதனால் விழுந்தோம் என்பது நோயாளிக்கே தெரியாமல் போகிறது. செய்யும்போது நன்றாகத்தானே செய்தார் என்று பார்ப்பவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை அறையில் 20 நிமிடம் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

இந்தச் சரிவு இருக்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (Institute of Medicine) 2015-ல் வெளியிட்ட அறிக்கை, நோயைக் கண்டறியக் கட்டாயமாக இருக்க வேண்டிய அறிகுறிகளில் ஒன்றாக இதை வைத்தது. கூடவே ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும், செயல்திறனைப் பெரிதும் குறைத்துவிட்ட களைப்பு இருக்க வேண்டும். தூங்கியும் புத்துணர்வு வராமல் இருக்க வேண்டும். இவற்றோடு சிந்தனைத் தடுமாற்றமோ, நிமிர்ந்து நின்றால் மோசமாவதோ, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பாருங்கள். நோயின் எல்லையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வரைந்ததன் விளைவு அது. சிகிச்சைச் சண்டைக்கும் வேர் அங்கேதான்: சரிவு என்ற அறிகுறியைக் கேட்காமலே, வெறும் நீண்ட களைப்பு என்ற அளவுகோலால் ஆட்களைச் சேர்த்த ஆய்வுகள் நிறைய. அதில் தேறியவர்களுக்கு இந்த நோய்தான் இருந்ததா என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி எங்கிருந்து வந்தது? அதன் பின்னால் ஒரு கோட்பாடு உண்டு. ஏதோ ஒரு காய்ச்சலில் ஆள் படுக்கிறார். படுத்ததால் தசை தளர்கிறது. தளர்ந்ததால் அசைந்தால் அயர்ச்சி. அயர்ச்சியைக் கண்டு பயந்து இன்னும் படுக்கிறார். எனவே பயத்தைப் பேச்சுச் சிகிச்சையால் போக்கி, உடம்பை உடற்பயிற்சியால் மீட்டால் போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதுகுவலிக்காரர் பலருக்கு இந்த வழி உதவியதை நானே பார்த்திருக்கிறேன். நான் படித்த காலத்தில் இது கேள்வி கேட்கப்படாத பாடம். பிரிட்டனில் நைஸ் என்ற தேசிய வழிகாட்டு நிறுவனம் 2007-ல் உடற்பயிற்சியையும் சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சையையும் லேசான, நடுத்தர அளவு நோயுள்ளவர்களுக்குப் பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரைக்கு 2011-ல் பெரிய முட்டுக் கிடைத்தது. பேஸ் என்ற சோதனை, 641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு, லான்செட் இதழில் வெளியீடு. வழக்கமான மருத்துவக் கவனிப்போடு நிறுத்தியது ஒரு குழு. அதோடு சிபிடி சேர்த்தது ஒன்று. உடற்பயிற்சி சேர்த்தது ஒன்று. அளவறிந்து நடந்துகொள்ளும் முறையைச் சேர்த்தது ஒன்று. சிபிடி குழுவிலும் உடற்பயிற்சிக் குழுவிலும் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் முன்னேறினார்கள், வழக்கமான கவனிப்பில் 45 சதவீதம் என்று முடிவு வந்தது. 2013-ல் வந்த இரண்டாவது கட்டுரை, அந்த இரண்டு குழுக்களிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்றது. உலகம் முழுக்கச் செய்தியானது.

இந்தச் சோதனையில் எது பிரச்சினை என்பதைத் துண்டறிக்கையில் ஒரே ஒரு உதாரணத்தால் காட்டலாம். அதை மட்டும் விளங்கச் சொன்னால் மற்றதை வாசகரே பிடித்துக்கொள்வார். உடல் இயக்கத்தை அளக்க பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. மாடிப்படி ஏற முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா என்ற மாதிரியான கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. சோதனையில் சேர வேண்டுமானால் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது அந்த அளவுக்கு முடியாதவராக இருக்க வேண்டும். குணமானதாகக் கொள்ள 85 வேண்டும் என்பது முதலில் எழுதிவைத்த திட்டம். கட்டுரையில் அது 60 ஆகிவிட்டது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 65-ல் நோயாளியாகச் சேர்ந்த ஒருவர், ஒரு வருடத்தில் 60-க்கு இறங்கினாலும், அந்த ஓர் அளவுகோலைப் பொறுத்தவரை குணமடைந்தவர். குணமாக அறிவிக்க வேறு நிபந்தனைகளும் இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உள்ளே வரும் வாசல் வெளியே போகும் வாசலைவிட உயரத்தில் இருப்பது எந்தத் தேர்விலும் நடக்கக் கூடாத விஷயம்.

இதைக் கண்டுபிடித்தது நோயாளிகள்தான், படுக்கையில் இருந்தபடி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நோயாளி ஒருவர் தகவல் அறியும் சட்டப்படி மூலத் தரவைக் கேட்டார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. வழக்கு தீர்ப்பாயம்வரை போய், 2016-ல் தரவைக் கொடுக்க உத்தரவானது. முதலில் எழுதிய திட்டப்படியே திரும்பக் கணக்கிட்டபோது, முன்னேறியவர்கள் ஏறக்குறைய 60-லிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். வழக்கமான கவனிப்பில் 10. குணமடைந்தோர் 22-லிருந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தார்கள், குழுக்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமும் இல்லை. டேவிட் டல்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2015-லேயே இதை விரிவாக எழுதி, பல விஞ்ஞானிகளின் கவனத்தைத் திருப்பியிருந்தார்.

என் தொழில்காரனாக எனக்கு அதைவிட உறுத்திய எண் வேறு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்திருந்தார்கள். படிவத்தில் டிக் அடிப்பதுபோல இதில் மனம்போனபடி செய்துவிட முடியாது. சோதனை தொடங்கி ஒரு வருடம் கழித்து உடற்பயிற்சிக் குழு சராசரியாக 312 மீட்டரிலிருந்து 379 மீட்டருக்குப் போனது. மற்றக் குழுக்களைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நடுவயதுக்காரர் பொதுவாக 500 மீட்டரைத் தாண்டிவிடுவார். 379 மீட்டர் நடக்கும் ஒருவர் என் அறைக்கு வந்தால் அவரைத் தீவிர நோயாளி என்றுதான் எழுதுவேன். சிகிச்சை என்னவென்று தெரிந்தே பெறும் சோதனையில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு மட்டும் முடிவெடுத்தால் பதில் நல்லபடியாகவே சாயும். அதிலும் "உங்கள் அறிகுறிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்பதே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கும்போது, ஒரு வருடம் கழித்து அறிகுறி குறைந்ததாக அவர் எழுதினால் குறைந்தது நோயா, அதைச் சொல்லும் பழக்கமா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அளவுகோல்களை மாற்றியது முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்புதான், உரிய ஒப்புதலோடுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பேஸ் மட்டுமல்ல, சிறிய சோதனைகள் வேறு சிலவும் உடற்பயிற்சியால் களைப்பு ஓரளவு குறைவதாகக் காட்டின. சோதனையில் கடுமையான பாதிப்புகள் உடற்பயிற்சிக் குழுவில் பெரிதாகக் கூடவில்லை என்றும் அறிக்கை சொல்கிறது. மறுபக்கம், நோயாளி அமைப்புகள் நடத்திய கணக்கெடுப்புகளில் உடற்பயிற்சித் திட்டத்துக்குப் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோசமானதாகச் சொன்னார்கள். இந்த இரண்டையுமே அப்படியே விழுங்க முடியாது. கணக்கெடுப்பில் பாதிக்கப்பட்டவர்கள்தான் ஓடிவந்து பதில் எழுதுவார்கள். சோதனையிலோ, வீட்டைவிட்டு வர முடியாதவர்கள் முதலிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறார்கள். இந்த நோய் உள்ளவர்களில் குறைந்தது கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குகிறவர்கள். "உடற்பயிற்சியால் இத்தனை சதவீதம் பேருக்குக் கேடு" என்று ஓர் எண்ணைத் துண்டறிக்கையில் போடாதீர்கள். கேடு வந்ததாகப் பலர் சொல்கிறார்கள், அது நோயின் இயல்போடு பொருந்துகிறது என்பதோடு நிறுத்துங்கள்.

2017-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி தன் பக்கங்களிலிருந்து இந்த இரண்டு சிகிச்சைகளின் பரிந்துரையை எடுத்துவிட்டது. பிரிட்டனில் நைஸ் எல்லாச் சோதனைகளையும் தூசி தட்டி எடுத்துப் பார்த்து, சான்றின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்று மதிப்பிட்டது. புதிய வழிகாட்டுதல் 2021 ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும். சில மருத்துவக் கழகங்கள் எதிர்த்ததால் கடைசி நேரத்தில் நிறுத்திவைத்து, அக்டோபர் 29 அன்று வெளியிட்டார்கள். அதன் சாரம் உங்களுக்குத் தேவைப்படும்: நிலையான அளவில் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டத்தைக் கொடுக்கக் கூடாது, உடம்பு தளர்ந்ததுதான் நோய்க்குக் காரணம் என்ற கோட்பாட்டில் எழுந்த எதையும் கொடுக்கக் கூடாது, சிபிடி வேண்டுமென்று கேட்பவருக்கு, நோயோடு வாழ்வதற்குத் துணையாகக் கொடுக்கலாம், குணமாக்கும் சிகிச்சை என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது, குணமாக்கும் என்று எந்த மருந்தையும் சத்து மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. ஆக, உங்கள் இரண்டு மருத்துவர்களில் முதலாமவர் 2007-ல் நிற்கிறார், இரண்டாமவர் 2021-ல் நிற்கிறார். முதலாமவர் கெட்டவர் இல்லை. அவர் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் மேசையில் உங்கள் துண்டறிக்கை போய்ச் சேர வேண்டுமென்றால், அவரைத் திட்டி எழுதாதீர்கள்.

சிபிடி விஷயத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். நோயாளிகளின் கோபத்துக்குப் பழைய கணக்கு உண்டு. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்கள் 200-க்கும் மேற்பட்டோர் இப்படியொரு நோயில் விழுந்தார்கள். 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமலே, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள்; விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் அதற்கு ஓர் ஆதாரமாகக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களில் வகைப்படுத்தியிருந்தும் அந்த முத்திரை போகவில்லை. அதனால் மனநல உதவி என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புரிகிறது. ஆனால் வருடக் கணக்கில் படுக்கையில் கிடப்பவருக்கு மனச்சோர்வும் வரலாம். அதற்கு உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. "மனநல சிகிச்சையை நம்பாதீர்கள்" என்று மொட்டையாக ஒரு வரி அச்சானால், உதவி தேவைப்படும் ஒருவர் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளக்கூடும். இந்த நோயை அது குணமாக்காது என்பது வேறு, அது யாருக்கும் வேண்டாம் என்பது வேறு.

அப்புறம், பலர் மறந்துவிடும் பக்கம் ஒன்று. சர்ச்சைக்குரிய சிகிச்சை என்றாலே உடற்பயிற்சியையும் சிபிடியையும் மட்டும் பேசிவிட்டு, நமக்குப் பிடித்த சிகிச்சைகளை விட்டுவிடுகிறோம். 2009-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது: நோயாளிகளில் 67 சதவீதம் பேரின் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் இருக்கிறது. காரணம் பிடிபட்டுவிட்டது என்று நோயாளிகள் கொண்டாடினார்கள். சிலர் எச்ஐவிக்குக் கொடுக்கும் மருந்துகளைக்கூட விழுங்கிப் பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த வைரஸ் ஆய்வகத்தில் எலிகளின் வழியே வளர்க்கப்பட்ட புற்றுநோய் செல்களில் உருவாகி, மாதிரிகளில் கலந்த அசுத்தம். 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ரிடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் கதை இன்னும் பாடமானது, அதைத் துண்டறிக்கையில் கட்டாயம் சேர்ப்பேன். நார்வேயில் பெர்கன் நகரின் இரண்டு புற்றுநோய் மருத்துவர்கள், நிணநீர்ப் புற்றுக்காகச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குக் களைப்பு நோயும் தணிந்ததைக் கவனித்தார்கள். 2011-ல் 30 பேரில் சோதித்தபோது ரிடுக்ஸிமாப் பலருக்கு வேலைசெய்வதுபோலத் தெரிந்தது. எத்தனையோ பேர் சொந்தச் செலவில் அதைத் தேடி அலைந்தார்கள். ஆனால் அதே மருத்துவர்கள் அங்கேயே நிற்காமல் 151 பேரில், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் உப்புநீர் என்று யாருக்கும் தெரியாதபடி சோதனை நடத்தினார்கள். 2019-ல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். உப்புநீர் பெற்றவர்களில் 35 சதவீதம். அந்த 35-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றுமில்லாத திரவம் ஏறியவர்களில் மூன்றில் ஒருவர் தேறியதாகச் சொல்கிறார். இனி யாராவது "இந்த ஊசியைப் போட்டேன், எழுந்து நடக்கிறேன்" என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. இந்த 35-ல் அவர் ஒருவராக இருக்கலாம். பேஸ் சோதனையை எந்தக் கோலால் அளந்தோமோ அதே கோல்தான் இதற்கும். நமக்கு வேண்டாதவரின் ஆய்வுக்கு ஒரு கோல், வேண்டியவரின் ஆய்வுக்கு ஒரு கோல் என்றால் முதல் வாசகரே கண்டுபிடித்துவிடுவார்.

லைட்னிங் ப்ராசஸ் என்று மூன்று நாள் பயிற்சி ஒன்றும் உண்டு. மனத்தின் ஓட்டத்தை மாற்றினால் நோய் போய்விடும் என்பது அதன் சாரம். இளவயதினரிடம் நடத்திய அதன் சோதனை 2017-ல் வெளியாகி, 2019-ல் நீண்ட திருத்தத்தோடு மறுபடி வெளியிடப்பட்டது. சோதனை நடுவில் முதன்மை அளவீடு மாற்றப்பட்டிருந்ததுதான் சிக்கல். நைஸ் அதைக் கொடுக்க வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆம்ப்ளிஜென் என்ற மருந்தை இந்த நோய்க்குக் கொடுக்க, அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2013-ல் போதிய சான்று இல்லையென்று நிராகரித்தது. அர்ஜென்டினா 2016-ல் அனுமதித்தது. இவற்றுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும்.

இப்போது அளவறிந்து நடப்பதற்கு வருவோம், இன்று எல்லோரும் பேசிங் என்று சொல்கிறார்களே, அது. கைவசம் எவ்வளவு தெம்பு இருக்கிறதோ அதற்குள் அன்றைய வேலைகளை அடக்கி, சரிவு வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது. நானும் இப்போது அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அதற்கும் சான்று மெலிந்ததுதான். பேஸ் சோதனையிலேயே அந்தக் குழு வழக்கமான கவனிப்பைவிட மேலாக வரவில்லை. நோயாளிகள் செய்யும் பேசிங் வேறு, அங்கே சொல்லிக்கொடுத்தது வேறு என்று ஒரு பதில் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது குணமாக்குகிறது என்பதற்காக இல்லை. சரிவைக் குறைக்கிறது என்று நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், தவறாகப் போனாலும் பெரிய சேதம் இல்லை. "பேசிங் செய்தால் குணமாகும்" என்று அச்சடித்தால், பேஸ் கட்டுரையின் தவறை நாமும் ஒரு தடவை செய்ததாக ஆகிவிடும்.

இன்னொரு பயம் எனக்கு உண்டு. களைப்போடு இருப்பவர் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, இன்னும் எத்தனையோ. மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நன்றாகவே உதவும். "களைப்பா? உடற்பயிற்சி ஆபத்து" என்று பெரிய எழுத்தில் போட்டால், நடந்திருந்தால் தேறியிருக்கக்கூடிய ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடுவீர்கள். அதனால் முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "சின்ன வேலை செய்தால்கூட மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாக விழுந்து, தேற நாள் கணக்காகிறதா? அப்படியானால் உடற்பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் இதை இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்." அந்த "இதே வார்த்தைகளில்" முக்கியம். "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் காதில் விழுவது வேறு. அடுத்து, "படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை 2007-ல் பரிந்துரைத்த பிரிட்டனின் நைஸ், 2021-ல் கொடுக்க வேண்டாம் என்று மாற்றியது" என்று ஒரு வரி. அதற்கடுத்து அந்த 65, 60 கணக்கு. அதற்கடுத்து உப்புநீரின் 35 சதவீதம். மோசடி, சதி, கொலை போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். எண்களே போதும்.

நோய்க்கான காரணம் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். பலருக்குக் கிருமித் தொற்றுக்குப் பிறகு தொடங்குகிறது. கோவிட்டுக்குப் பிறகு நீடிக்கும் நோயில் ஒரு பகுதியினருக்கு இதே படம் தெரிகிறது. 2025-ல் டிகோட்மி என்ற பிரிட்டன் ஆய்வு, 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு எட்டு இடங்களில் வித்தியாசம் கண்டதாக அறிவித்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் ரத்தப் பரிசோதனையாகவோ மருந்தாகவோ மாற இன்னும் தூரம் இருக்கிறது. மரபணுவைக் காட்டிப் பரிசோதனை விற்க வருபவர்களைப் பற்றி உங்கள் வாசகர்களை எச்சரிக்கலாம்.

தங்கையைப் பற்றி: நடையைக் கூட்டச் சொன்ன அந்தத் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்பது என் யோசனை. முடிவை இரண்டாவது மருத்துவரோடு பேசி எடுங்கள். அசையவே கூடாது என்று அர்த்தமில்லை. சரிவை வரவழைக்காத அளவு எதுவோ அது அவருக்கான அளவு, அது அட்டவணைப்படி வாரா வாரம் ஏறாது. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எழுத முடிந்த நாளில் அவர் எழுதட்டும், முடியாத நாளில் நீங்கள் ஒரு கோடு மட்டும் போடுங்கள். ஒரு மாதம் கழித்து, கோடு விழுந்த நாட்களுக்கு முந்தைய இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்.

துண்டறிக்கையின் அடியில் எந்த மாதம், எந்த வருடம் எழுதியது என்று போடுங்கள். வழிகாட்டுதல்கள் மாறுகிற விஷயம் இது. பளபளப்பான வெள்ளைத் தாள் வேண்டாம், நோயாளிகள் பலருக்குக் கண் கூசும். எழுத்து பெரிதாக, பத்தி சின்னதாக இருக்கட்டும். இதே வாசகத்தை யாராவது மெதுவாகப் படித்து ஒலிப்பதிவும் செய்துவிடுங்கள். இருட்டறையில் படுத்திருப்பவருக்கு அது உதவும், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால்.